பச்சைக் கட்டம் யார் மேல்?

திருக்கழுக்குன்றத்துப் பார்வதத்துக்கு நாலும் பெண். மூணாவது காயத்ரி. நாலாவதும் பெண்ணென்றதும், "போதும் சாமி, இனி பொட்டப்புள்ள வேண்டா" என்று அதையே பேராக வைத்துவிட்டார்கள். அப்புறம் ஆண்பிள்ளையும் பிறக்கவில்லை. பேர் மட்டும் நிலைத்தது.

அந்த வேண்டா வளர்ந்து போட்டோ எடுக்கிறவள் ஆனாள். செங்கல்பட்டு ஸ்டூடியோ கிருபாகரன்தான் பழைய கேமரா ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "எல்லாத்தையும் ஆட்டோல வுட்ரும்மா. மூஞ்சி எங்க கீதோ அதுவே தேடிப் பச்சைக் கட்டம் போட்டுக்கும்" என்றார். வேண்டாவும் அப்படியே விட்டுவிட்டாள். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பெண்கள் கூடுகிற வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

காயத்ரிக்கு வளைகாப்பு வந்தது. அவளைக் கொடுத்திருந்தது மதுராந்தகத்தில், நெல் மண்டிக்காரர் வீட்டில். மாமியார் ஜெகதாம்பாள் போன வருஷம் படுக்கையில் கிடந்தபோது, "பேரப்புள்ளைய கையில புடிக்காம போவமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆசையில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவள் கண்ணை மூடிய அதே மாசம் காயத்ரியின் வயிற்றிலிருந்த பிள்ளையும் கலைந்துபோனது. அன்றிலிருந்து அந்த வார்த்தை காயத்ரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம் தவிர.

இப்போது ஒன்பதாம் மாசம். கூடத்தில் மனை போட்டு உட்கார வைத்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவரில், மாலை போட்ட ஜெகதாம்பாள் படம்.

வேண்டா இரண்டு படம் எடுத்தாள். திரையில் பார்த்தாள். காயத்ரி புகையாகக் கலங்கியிருந்தாள். பின்னால் ஜெகதாம்பாள் மூக்குத்திக் கல் வரைக்கும் பளிச்சென்று நின்றாள். மறுபடி கேமராவைத் தூக்கினாள். பச்சைக் கட்டம் நேரே சுவருக்குப் போய்ப் படத்திலிருந்த முகத்தைக் கவ்விக்கொண்டது.

தோளுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் பிரதீபா பார்த்துவிட்டாள். "ஐயோ, எங்கம்மா மூஞ்சியதான் புடிக்குது பாரு! வந்துட்டாங்கடி, புள்ளைய பார்க்க வந்துட்டாங்க!"

அவளுக்கு அது ஆனந்தம். காயத்ரிக்கோ அத்தையின் அந்தப் பழைய வார்த்தைதான் காதில் கேட்டது.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, "இன்னாடி கேமரா இது? செத்தவ யாரு, புள்ளத்தாச்சி யாருன்னு தெரியாம!" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"படத்தக் கொஞ்சம் கழட்டி வெச்சா இன்னா?" என்று பார்வதம் மெல்லக் கேட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா எங்கம்மாவ வெளியேத்துவீங்களா?" என்றாள் பிரதீபா.

"நான் உள்ள போறேன் அண்ணி, எனக்கு ஒரு மாரியா கீது" என்று காயத்ரி தரையில் கை ஊன்றினாள். கையில் காப்பு ஏறாமல் மனையை விட்டு எழுந்தால் அபசகுனம் ஆயிற்றே.

வேண்டாவுக்கும் சந்தேகம் தட்டியது. வந்தது ஜெகதாம்பாளேதானோ? அப்போதுதான் அக்காவை நன்றாகப் பார்த்தாள். உட்கார்ந்ததிலிருந்தே பயத்தில் குனிந்த தலை, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறையப் பூமாலை. கேமரா தேடுகிற முகமே அங்கே இல்லை. நிமிர்ந்து பார்க்கிற முகம் சுவரில் ஒன்றுதான்.

"ஒரு நிமிஷம் குந்துக்கா. எனக்காக."

கேமரா தானாகத் தேடுகிற எல்லாப் புள்ளிகளையும் அணைத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டென்று கிருபாகரன் ஒருமுறை காட்டியிருந்தார். கெட்டுவிடுமோ என்று அவள் அதைத் தொட்டதில்லை. வியர்த்த விரல் பொத்தானில் வழுக்கியது. தேதி வந்தது, வேறு என்னவோ வந்தது. கடைசியில் ஒற்றைக் கட்டம், அதுவும் நடுவில், ஜெகதாம்பாள் மாலைமேலேயே. அம்புக்குறியைத் தட்டித் தட்டிக் கீழே இறக்கினாள். காயத்ரியின் மூடிய இமைமேல் நிறுத்தி அழுத்தினாள்.

கேமராவை அக்காவின் மடிக்கே கொண்டுபோனாள். இமை மயிரில் தொங்கிய கண்ணீர்கூடத் தெளிவாக இருந்தது. பின்னால் மஞ்சளாக ஒரு தீற்றல்.

"அத்தை எங்க?"

"பின்னாலதான் கீறாங்க. மங்கலா."

"நீ இன்னா செஞ்ச?"

"அதுவா தேடாதபடி செஞ்சேன். இனிமே நான் வெக்கிற எடத்துலதான் நிக்கும். நீ எழுந்தேன்னா கட்டம் தப்பிடும்க்கா."

காயத்ரி திரையிலிருந்த தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "போடுங்க அண்ணி."

பிரதீபா வேப்பங்குச்சிக் காப்பை முதலில் போட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வேண்டா அந்த முதல் இரண்டு படங்களையும் அழிக்கப் பார்த்தாள். அழித்துவிடவா என்று கேமரா கேட்டது. ஒருத்தியைப் பார்த்து வேண்டா என்று சொல்ல, அந்தப் பேரைச் சுமக்கிறவளுக்கு விரல் வரவில்லை. அழித்தால் ஜெகதாம்பாள் எங்கே போவாளோ என்ற பயமும் இருந்தது.

கேமராவின் கார்டைக் கழற்றிக் குங்குமச்சிமிழுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பிள்ளை பிறக்கட்டும், பிறந்தது பேத்தியோ பேரனோ, கேமராவில் அந்த ஜெகதாம்பாள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாள்.