குழாய்க்குப் போர்வை

மாப்பிள்ளைக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது புழக்கத்தில் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து மாமனார் கூப்பிட்டதையே தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. பால்காரர்கூட "மாப்பிள்ளை, பால்!" என்றுதான் கத்துவார். ஊரெல்லாம் ஏசியும் ஃபேனும் மாட்டுகிற மனுஷன், வேலையிடத்தில் வாய் ஓயாது. வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் "சரிங்க மாமா" தவிர வேறு பேச்சு வராது.

மாமனார் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். சும்மா ஓடுகிற ஃபேனைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். குளிப்பது என்னவோ கொதிக்கக் கொதிக்க. குளித்துத் துண்டைக் கட்டியதும் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பட்டென்று நிறுத்திவிடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் ஃபேனிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அதுவும், அவர் காலையில் நிம்மதியாக உட்காரும் நேரம் பார்த்து, வழுக்கையின் நட்டநடுவில். மேல் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸம்மாவின் பாத்ரூம்தான் ஒழுகுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாவம், அவள் தன் கைக்காசு போட்டுக் குழாய் மாற்றினாள். அப்புறமும் சொட்டியது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் மாமனார்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். அந்த ஃபேனை மாட்டியவனே அவன்தான். ஃபேனிலிருந்து புறப்படும் தகரக் குழாய் சீலிங்குக்கு மேலே ஓடி, சுவரைத் தாண்டி, குளிரில் நெடுந்தூரம் போகிறது. ஊரார் வீட்டில் என்றால் குழாய்க்குப் பஞ்சு சுற்றி, வெளிப்பக்கம் சற்றே சரித்து மாட்டுவான். இங்கேயும் சொல்லத்தான் செய்தான். "குழாய்க்கு எதுக்குப் போர்வை? அதுக்கென்ன ஜலதோஷமா?" என்றார் மாமனார். "சரிங்க மாமா" என்று மொட்டையாக மாட்டிவிட்டான். சரிவும் உள்பக்கமாகப் போய்விட்டது.

மாடிப்படியில், காலி பண்ணுவதற்காகச் சாமான் கட்டிய அட்டைப்பெட்டிகள் சேர ஆரம்பித்தன. நர்ஸம்மா ஒரு நாள் வழிமறித்தாள். "நீங்க இந்த வேலைதானே பாக்கறீங்க? நிஜமாவே என் வீட்டுத் தண்ணியா இது?"

"பாக்கறேங்க" என்று முனகிவிட்டு நழுவினான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

மறுநாள் நர்ஸம்மா இரவு வேலைக்குக் கிளம்பியதும் மேல் வீட்டுக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடினான். அதற்கடுத்த காலையில், மாமனார் குளித்து முடித்த கையோடு, ஏணியைப் போட்டு ஏறினான்.

"மேல் வீட்டுக் குழாயைத் தேடு!" என்று சரியாக ஏணிக்குக் கீழே நின்று உத்தரவு போட்டார் மாமனார். மாப்பிள்ளை இணைப்பைக் கழற்றினான். குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் அவர் தலையில் கொட்டியது.

"பாத்தியா! மேல் வீட்டுத் தண்ணி!"

"இல்ல மாமா."

சமையலறையில் மாப்பிள்ளையின் மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"மேல வால்வு நேத்தே மூடியாச்சு. இது நீங்க குளிச்ச ஆவி. நீங்க உடனே ஃபேனை நிறுத்திடறீங்க, அது பாதி வழியில மாட்டிக்குது. குளிர் பட்டதும் தண்ணியாகி உங்ககிட்டயே திரும்பி வருது."

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன் மாமா. நீங்க கேக்கல. நானும் விட்டுட்டேன்."

மாமனார் ஈரத் தலையோடு படிக்கட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கிற ரகமா அவர்? ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியபடி, "வழியில சாமான் கிடந்தா யாராவது தடுக்கி விழுவாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். எல்லாப் பெட்டியும் மேலே போய்ச் சேரும்வரை திட்டு ஓயவில்லை.

குழாய்க்குப் போர்வை வந்தது, சரிவும் மாறியது. இப்போதெல்லாம் குளித்த பிறகு அரை மணி நேரம் ஃபேன் ஓடுகிறது. அதுவரை மாமனார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு சுவிட்ச் எதிரிலேயே நிற்கிறார்.

"மாப்பிள்ளை, இப்ப நிறுத்தலாமா?"

"இல்ல மாமா."