ஐந்து பவுண்டு காற்றும் ஒரு சாமந்தி மாலையும்

எங்கள் காருக்கு எட்டு வயது. ஒரு லிட்டர் இன்ஜின். ‘எங்கள்’ என்பது பேச்சுக்குத்தான். வாங்கியது என் மனைவி, தன் டீச்சர் சம்பளத்தில். தொம்மலூரிலிருந்து ஹெப்பகோடிப் பள்ளிக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறாள். அதன் இன்ஜினில் கை வைக்க எனக்கிருந்த ஒரே தகுதி, நந்தி மலையில் பட்ட அவமானம்.

ஏசி போட்டபடி ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றாவது கியர் முனகியது, இரண்டாவது அழுதது. ஒரு ஸ்கூட்டர் எங்களை முந்தியது. அதன் பின்சீட்டு அம்மாள் சோளக்கதிரைக் கடித்தபடி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏங்க, நான் இறங்கி நடந்து வரவா? பாவம், வண்டி” என்றாள் மனைவி. பாவம் என்றது வண்டியைத்தான், என்னையில்லை.

அன்றே டர்போ என்று முடிவு செய்தேன். வீணாய்ப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுழலவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி. மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்.

“இன்ஜின் போச்சுன்னா தினமும் நீங்கதான் என்னை ஸ்கூட்டர்ல கொண்டு விடணும். மழைன்னாலும்.”

வழியிலிருக்கிற சில்க் போர்டு சிக்னல் நெரிசலை நினைத்ததும் எனக்குப் பாதுகாப்பின் மீது திடீர் பக்தி வந்தது.

ஒக்கலிபுரத்து மெக்கானிக் என் வயதுக்காரர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். அந்தப் பக்தியையும் மீறி, டர்போவில் பத்து பவுண்டு காற்றழுத்தம் வேண்டும் என்றேன்.

“பேடா சார், வேணாம். இது கம்பெனில போட்ட சாதா பிஸ்டன். அஞ்சுக்கு மேல போனா உள்ள டங்கு டங்குனு தட்டும். ஆமேல, அப்புறம் பிஸ்டனைக் கூட்டித்தான் அள்ளணும்.”

“ஏழு?”

“காய்கறி வாங்கவா வந்தீங்க? அஞ்சு.”

ஐந்துதான். காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டினோம், உள்ளே தட்டாமலிருக்கத் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினோம். அழுத்தினால் காற்று சூடாகும். அதை ஆற்ற, முன் கிரில்லுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் போல ஓர் இன்டர்கூலர். அதையும் மீறிச் சூடானால் எச்சரிக்க டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு.

எனக்கு ஆபீஸில் வேலை, மென்பொருளைச் சோதிப்பது. அந்தப் புத்தியில் காருக்கும் நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் எழுதினேன். ஏசியோடு, ஏசி இல்லாமல், நாலு பேரோடு, சிக்னலில் அரைமணி நின்றபடி. “ராக்கெட்டா சார் விடறோம்?” என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக்கும் எல்லாவற்றிலும் கூட உட்கார்ந்து வந்தார். அத்தனையும் பாஸ்.

ஆயுத பூஜையன்று அவர் ஷெட்டில் வண்டிக்கு ராஜ மரியாதை. சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்பக்கம் என் கைப் பருமனில் சாமந்தி மாலை. தன் வேலையின் மீதிருந்த பெருமையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கட்டியிருந்தார். மறுநாள் அந்த மாலையோடே நந்திக்குக் கிளம்பினோம்.

மூன்றாவது கியர், ஏசி. வண்டி ஏறியது பாருங்கள்! மனைவி ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். எங்கள் வீட்டில் அது தேசிய விருது.

நாலாவது வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சட்டென்று காலை எடுத்து, ஓரங்கட்டினேன். கண்முன்னே மழை, சில்க் போர்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் மனைவி.

அவள்தான் முதலில் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள்.

“ஏங்க, உங்க டெஸ்ட்ல பூமாலை இருந்துச்சா?”

மாலை காற்றில் கிரில்லோடு அப்பிக்கொண்டு இன்டர்கூலரின் மூக்கை அடைத்திருந்தது. ஆயுத பூஜை கொண்டாடுகிற ஊரில் வண்டி மாலை போட்டுக்கொள்ளும் என்பது நூற்றுப் பன்னிரண்டு சோதனை எழுதிய மேதைக்குத் தோன்றவேயில்லை.

மெக்கானிக்கைப் போனில் அழைத்தேன்.

“விளக்கு எரிஞ்சுதா? சூப்பர் சார்! அதுக்குத்தானே வெச்சோம்!”

“மாலை கட்டினது யாரு?”

“பூ நல்லாருந்துச்சா சார்?”

விளக்கு அணையும்வரை காத்திருந்தோம். பூஜைப் பூவை ரோட்டில் போட மனைவிக்கு மனமில்லை. அவிழ்த்து என் கழுத்தில் போட்டாள். மாப்பிள்ளைக் கோலத்தில் ஓட்டினேன். விளக்கு மறுபடி எரியவில்லை. இன்ஜின் ஒருமுறைகூடத் தட்டவில்லை. உச்சியில், டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் இன்ஜினை அணைக்காமல் விட்டேன்.

“இந்தப் பக்கம் வந்து உக்காருங்க” என்றாள்.

“இறங்கறப்போ நீ ஓட்டறியா?”

“இறங்கறதுக்கு எதுக்குங்க டர்போ? கீழ போய்ட்டு நான் ஒரு தடவை ஏறணும்.”

கீழே போய்த் திரும்பி ஏறினாள். நேர்ப்பாதையில் முறையாக ஹாரன் அடித்து ஒரு ஸ்கூட்டரை முந்தினாள். நான் மாலையும் கழுத்துமாக, தேர்தலில் ஜெயித்தவனைப் போல ஜன்னல் வழியே ஸ்கூட்டர்காரருக்குக் கையசைத்தேன்.