விடுவதற்கென்று வைத்தது எது?

ஐம்பதுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு சங்கரன்கோவிலில் நடந்தது இது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலையில் நான் வேலை பார்த்தேன். கைக்குழந்தைக்காரி. நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்தால், ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். ஒருநாள் மேஸ்திரி அதைத் தட்டிக் கேட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கும் அப்போது வேலை இல்லை. என் கூலியில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

சங்கம் ஏற்கெனவே போனஸைக் கூட்டிக் கேட்டிருந்தது. என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்து வைத்தார்கள். பேச்சுவார்த்தைக்குச் சங்கத் தலைவரும், என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களும் முதலாளி அறைக்குள் போனார்கள். "நீ வெளிய இரு தாயி. வாயத் தொறந்திராத" என்று தலைவர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்.

உள்ளே போனதும் அவர் சொன்னது, "அந்தப் புள்ள விசயத்தக் கடைசியில பேசிக்கிடுவோம், மொதலாளி." நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பிறகு போனஸுக்காக ஒரே கூச்சல். முதலாளி மேஜையில் அடித்தார். தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். முதலாளி சாவதானமாகக் கேட்கிறார்: "ஒம்ம அம்மைக்கு இப்பம் எப்படி இருக்கு வே?"

"நேத்துதான் கஞ்சி குடிச்சா."

சொல்லிக்கொண்டே தலைவர் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் கூச்சல். இது சண்டையா சம்பந்தம் பேசுவதா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

நடுவில் தலைவர் அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அவர்களோடு குசுகுசுவென்று பேசினார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, மனசுக்குள் மூவரையும் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் தலைவர் வந்து, "திங்கக்கெழம வேலைக்கு வந்துரு. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறப்ப மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போ" என்றார்.

"போனஸ், அண்ணாச்சி?"

"போன வருசம் மாதிரிதான்."

எனக்காகவா போனஸை விட்டீர்கள் என்று, உள்ளே போயிருந்த பெண்களில் ஒருத்தியைக் கேட்டேன். "ஏட்டி, அவரு எப்படியும் கூட்டித் தரப் போறதில்ல. ஒனக்காக ஒண்ணுமில்ல, போ" என்றாள். தலைவரோ, "கேக்கும்போதே விடுததுக்குன்னு ஒண்ண வச்சித்தான் கேப்போம். எதுன்னு மட்டும் கேக்காத" என்று நடையைக் கட்டினார்.

தீபாவளியன்று, 'ஒனக்காக ஒண்ணுமில்ல' என்றவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் பழைய பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கிக் கட்டியிருந்தாள். தாய் என் முகத்தைப் பார்க்காமல் முறுக்கை எடுத்து நீட்டினாள். அன்று விடுவதற்கென்று வைத்திருந்தது என்னையா, போனஸையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நான் நின்ற நிற்பை மட்டும் மறக்கவே முடியவில்லை.