சிவப்பு டேக்கும் ரெண்டு பாக்கெட்டும்

லோகோ போடுற தொழிலுக்கு கம்ப்யூட்டர் தெரிஞ்சா மட்டும் பத்தாது, "இன்னும் கொஞ்சம் பெருசா"ன்னு கேக்குறப்ப சிரிக்கிற முகமும் வேணும். இதே வேலையில இருக்குற உங்களுக்கு அத நான் சொல்லணுமா?

பகல்ல கம்பெனி, சாயந்தரம் டிசைன் கிளாஸ்னு படிச்சு ஒரகடத்துல கடை போட்டவன் நான். காதுகுத்து பேனருக்கு நடுவுல ஒரு நாள் முத்துச்செல்வி வந்துச்சு. கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. வல்லம் வடகால்ல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. பொங்கலோட கான்ட்ராக்ட் முடியுது. அதுக்குள்ள ஆன்லைன்ல குர்த்தி வியாபாரம் ஓடணும். ஓடலன்னா ஊருக்கு வந்துரணும்னு அவங்க அப்பா கண்டிஷன்.

பேரு

பிராண்டுக்குப் பேரு 'ரெண்டு பாக்கெட்'டுன்னுச்சு. ஸ்டைலா ஏதாவது வைக்கலாமேன்னேன். போன் ஒண்ணுல, பஸ் பாஸ் ஒண்ணுல, வேற எந்தக் குர்த்தியில இது இருக்குன்னு மடக்கிடுச்சு. சரின்னு ஒத்தக் கோட்டுல ரெண்டு பாக்கெட் வரைஞ்சு, சுத்தி நெறைய வெத்து இடம் விட்டு, பெருமையா காட்டுனேன். முத்துச்செல்வி பாத்துட்டுச் சொல்லுச்சு:

"மாசக் கடைசிப் பாக்கெட் மாதிரில்ல வச்சிருக்கீக!"

போட்டோ

மாடலுக்கு முத்துச்செல்வி தங்கியிருந்த ஹாஸ்டல் பொண்ணுங்களே வந்தாங்க. வல்லக்கோட்டை கோயில் பக்கம் மரத்தடியில நிக்க வெச்சேன். இயல்பா நில்லுங்கம்மான்னா, ஷிப்ட் மீட்டிங்ல நிக்கிற மாதிரி கை பின்னால, ஒரே வரிசை. பேரு ரெண்டு பாக்கெட். ஒரு கை கூட பாக்கெட்ல இல்ல. கொஞ்சம் சிரிங்கன்னு கெஞ்சுனேன். முத்துச்செல்வியோட ரூம்மேட் ஜோதி சொல்லுச்சு:

"ஐடி கார்டு போட்டோவுல சிரிச்சதுக்கே திருப்பி எடுக்கச் சொன்னாகண்ணே."

டேக்

கவர், டேக் எல்லாத்துக்கும் நல்ல குங்குமச் சிவப்பு குடுத்தேன். முத்துச்செல்விக்கும் புடிச்சுது. மொத ஆர்டரெல்லாம் அக்கம்பக்கத்துக் கம்பெனிப் பொண்ணுங்கதான். பார்சல் போன வேகத்துலயே திரும்பி வந்துச்சு. துணியில குறை இல்ல, அளவும் சரி. முத்துச்செல்வி சாப்பிடாம என் கடையில வந்து உக்காந்துச்சு. அப்பா போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல.

அப்ப, கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் பாக்குற வடக்குப்பட்டு தேவியக்கா, வாங்குன குர்த்தியத் தூக்கிக்கிட்டு நேர்லயே வந்துட்டாங்க. "இன்னாப்பா, ரிஜெக்ட் பீஸுக்கு சிவப்பு டேக் கட்டி எங்களுக்கே அனுப்பிகினு கீறே?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. இந்த ரோட்டுல எந்தக் கம்பெனியிலயும் கழிச்சுப் போடுற பீஸுக்குத்தான் சிவப்பு டேக், நல்லதுக்குப் பச்சை. கடை வெச்சதுல எனக்கு மறந்துபோச்சு, உனக்குமாம்மா தோணலன்னு கேட்டேன். முத்துச்செல்வி முழிச்சுச்சு.

"எங்க பேக்கிங்குக்கு ரிஜெக்ட் பீஸ் வரவே வராதேண்ணே!"

பச்சை

எல்லாத்தையும் பச்சைக்கு மாத்துனோம். டேக்ல 'செக் பண்ணியாச்சு'ன்னு அச்சடிச்சு, கீழ ஒவ்வொண்ணுலயும் முத்துச்செல்வி கையெழுத்து. தேவியக்கா அவங்க கம்பெனி லைன்ல எல்லார்கிட்டயும் சொன்னதுல, திருப்பி அனுப்புனவங்களே மறுபடி கேட்டாங்க. பொங்கல் வந்துச்சு, கான்ட்ராக்ட் முடிஞ்சுது. எப்ப தாயி வர்றன்னு அப்பா போன்ல கேக்குறது எனக்கே கேட்டுச்சு. முத்துச்செல்வி டேப்பைப் பல்லால கடிச்சுக்கிட்டே சொல்லுச்சு:

"பார்சல் கட்டி முடியலப்பா, நீங்கதான் ஒரு எட்டு வந்து ஒத்தாச பண்ணுங்களேன்."

ஆக, அந்தப் பொண்ணு ஊருக்குப் போகல, அப்பாவே இங்க வந்து டேக் கட்டிட்டுப் போனாரு, ஆனா லோகோ மட்டும் இப்ப ரெண்டு பேருக்குமே இன்னும் கொஞ்சம் பெருசா வேணுமாம்.