பதினெட்டாம் நம்பர் ஊசி

ஊசி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பாதி ஆயுசு போய்விட்டது. முனை மழுங்கினால் மெஷின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பனியன் துணிக்குக் கூர் ஊசி ஆகாது, நூலை வெட்டிவிடும். துவைக்கத் துவைக்க ஓட்டை விழும். முனை உருண்ட ஊசிதான் சரி. அது நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இறங்கும். தையல் லைனுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அப்பேர்ப்பட்ட நான், ஒரு கை ஊசி வாங்கப் போய் முட்டாளாகித் திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காகப் போட்ட துணியை இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் கட்டிங் மெஷினை ஓட்டுவார். கழுத்து வளைவை அவர் வெட்டினால் காகிதத்தில் வரைந்தது போல இருக்கும். அந்த வலது பக்கத்தைத்தான் பக்கவாதம் தொட்டது. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. காலும் இழுத்து இழுத்து நடக்கப் பழகிவிட்டது. கை மட்டும் வரவில்லை. கட்டை விரல் ஒரு பக்கம் பார்க்கும், மற்ற விரல்கள் இன்னொரு பக்கம் பார்க்கும். சேர்த்துக் குவிக்க முடியாது.

மெஷினைத் தொட முடியாததைக் கூட அவர் தாங்கிக்கொண்டார். சோறு அள்ள முடியாததைத்தான் தாங்க முடியவில்லை. "சோத்தாங்கை சோறு அள்ளாட்டி அப்பறம் அது என்ன கை?" என்பார். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் முகம் சுருங்கிப்போகும். யாராவது வீட்டுக்கு வந்தால் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்று பசியோடு பொய் சொல்வார். அவர்கள் போன பிறகு உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஊட்டிவிட வேண்டும். பெற்ற மகள் பார்த்துவிடக் கூடாதாம்.

இந்த நேரம் பார்த்துத் தாராபுரத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இவர்தான் தாய்மாமன். பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். பத்திரிகை வைக்க வந்த தங்கையிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, வாசல் கேட் சாத்தின சத்தம் கேட்டதும் என்னிடம் சொன்னார்: "நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லிப்போடு."

"அண்ணன் இல்லாம அவ தாலி கட்டவுடுவாளா? பேசற பேச்சப் பாரு!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அத்தனை சனம் பார்க்க முதல் இலையில் உட்கார்ந்து ஸ்பூன் கேட்பதைவிட அவர் செத்தே போவார்.

ஆஸ்பத்திரியில் அவர் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் தென்காசிப் பக்கம், நல்ல பொறுமைசாலி. "மூணு வெரலும் ஒண்ணு சேரணும்க்கா, அது சேர்ந்தாத்தான் அண்ணாச்சி கையால சாப்பிட முடியும்" என்று சொல்லி, கிண்ணத்தில் கொண்டைக்கடலையைப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு முறை செய்து பார்த்தார். கிண்ணம் சுவரில் போய் மோதியது.

"நான் என்ன பல்லடத்துக் கோழியா, உக்காந்து கடலை பொறுக்கறதுக்கு?"

கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து கடலையைப் பொறுக்கினது நான். அப்போ கோழி யார் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் அறைச் சுவரில் ஒரு கிளிப் படம் மாட்டியிருந்தது. ஹாஸ்டலில் இருந்தபோது அவளே கிராஸ் ஸ்டிச்சில் போட்டதாம். நூலைப் பெருக்கல் குறியாகப் போட்டுக் கட்டம் கட்டமாக நிரப்புகிற தையல். கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த இவர் அந்தக் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏங்கண்ணு, அதோட மூக்குல ஒரு கட்டம் கொறையுதே?" என்றார். அவள் நாற்காலி மேல் ஏறி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி! இத்தனை நாளா எனக்கே தெரியல!" என்று சிரித்தாள். இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், மாஸ்டர் முகம். வெட்டுக்கு முன்னால் அளவு சரிபார்க்கிற முகம். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். கடலை போகட்டும், கிளி வரட்டும். ஊசியைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்தானே! அவளும் சரி என்று அந்தக் கிளியின் கட்டப் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கட்டம் போட்டு நெய்த மேட்டி துணி வாங்கினேன். வட்டச் சட்டத்தில் மாட்டி இடது கையில் கொடுத்தேன். வீட்டில் கிடந்த தையல் ஊசியை வலது கையில் பிடிக்க வைத்தேன். சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் துணியில் பொட்டுப் பொட்டாக ரத்தம். வலது கட்டை விரல் நுனி முழுக்கக் குத்து.

"ஐயையோ! வலிக்கலீங்களா?"

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியவே இல்ல புள்ள" என்றார். நான் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு விரலைத் துடைத்துவிட்டேன்.

முனை உருண்ட கை ஊசி இருக்குமா என்று கேட்டுப் பாய் கடைக்குப் போனேன். ஜிப், பட்டன், எலாஸ்டிக் எல்லாம் விற்கிற கடை. பாய் யோசிக்கவே இல்லை. "மேட்டி துணிக்குத்தானேக்கா? அந்த ஊசியெல்லாம் மொட்டை முனையாத்தான் வரும், குத்தாது. கண்ணும் பெருசு, நூல் கோக்கச் சுளுவு. இருபத்திநாலாம் நம்பர் எடுத்துக்கோங்க."

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் மெஷினில் மெல்லிய துணிக்கு ஒன்பது, பதினொன்று. பதினான்கே தடி ஊசி. இருபத்திநாலா! "ஏனுங்க பாய், துணி தைக்கக் கேட்டா சாக்கு தைக்கற ஊசியக் குடுக்கறீங்க? இருக்கறதுலயே சின்ன நம்பரா எடுங்க."

"அக்கா, கை ஊசியில அப்படி இல்லீங்க..."

"எனக்குத் தெரியாதுங்களா? பொறந்ததுலருந்து ஊசியோடதானுங்க பொழப்பு."

பாவம், அவர் வாயை மூடிக்கொண்டு பதினெட்டாம் நம்பரைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வெற்றியோடு வந்தேன். வீட்டில் உறையைக் கவிழ்த்தால், கெரகமே! கோணி ஊசிக்குத் தங்கச்சி மாதிரி ஒன்று உருண்டு விழுந்தது. கை ஊசிக்கு நம்பர் ஏற ஏற ஊசி மெலியுமாம். நம்ம மெஷினுக்கு நேர் எதிர். துணியில் ஏற்றிப் பார்த்தேன், கட்டமே விரிந்து கோணிக்கொண்டது.

இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோண, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "லைனுக்கே ஊசி வாத்தியார் நீதானே!" நோயில் படுத்ததற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நூறு தப்பு ஊசி வாங்கலாம் அதற்கு.

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் இருபத்திநாலே வாங்கி வந்தேன். பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவே பெரிய தண்டனை. துணிக்கு அது அளவெடுத்த மாதிரி இறங்கியது. ஆனால் ஒரு வரி முடிவதற்குள் ஊசியைக் காணோம்.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்தத் துணிக்கட்டு முழுக்க மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும், அதுவரைக்கும் யாரும் நகரக் கூடாது. இரண்டு பேருக்கும் ஊறிப்போன பழக்கம். அவர் அசையாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார், நான் காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்தேன். கடைசியில் அவர் வேட்டி மடிப்பிலேயே கிடந்தது.

"விடு புள்ள" என்றார். "ஊசி இருக்குதா உழுந்துச்சான்னே தெரியாத கைக்கு என்னத்துக்குத் தையலு?"

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவித் திரும்பி வந்தபோது, மேஜையில் கிடந்த அந்தப் பதினெட்டாம் நம்பர் தடியன் அவர் கையில் இருந்தான். மூன்று விரலுக்கும் நடுவில்.

"இது தெரியுது" என்றார்.

"என்னங்க தெரியுது?"

"என்ற வெரல்ல. கனமா இருக்குதுல்ல? இருக்கறது தெரியுது."

அப்படியே எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பாய் கடைக்கு ஓடினேன். பெரிய பெரிய கட்டம் போட்ட மேட்டி துணி வேண்டும், பதினெட்டாம் நம்பர் தாராளமாக இறங்குகிற துணி. பாய் முழுக்கதையும் கேட்டார். "எல்லாரும் துணியச் சொல்லித்தான் ஊசி கேப்பாங்க. ஊசியக் காட்டித் துணி கேட்டு வந்தது நீங்கதான்க்கா" என்றவர், அலமாரியின் மேல் தட்டில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தார். தடிமனான நூலையும் அவரே பார்த்துச் சேர்த்து வைத்தார்.

முதல் கிளிக்குக் கால் கோணல், வாலே இல்லை. ஆனால் மூக்கில் கட்டம் சரியாக இருந்தது. தப்பாகப் போட்ட வரியை அவரே பிரிப்பார், கட்டிங் டேபிளில் தப்பு விட்ட ஆளைத் திட்டுவது போலத் தன் விரலைத் திட்டுவார். பிறகு இருபதாம் நம்பருக்கு வந்தார். அதற்கப்புறம் இருபத்திரண்டு. மற்ற வீடுகளில் சர்க்கரை நம்பர் ஏறினால் பயப்படுவார்கள். எங்கள் வீட்டில் நம்பர் ஏறினால் நான் கேசரி கிண்டினேன். அந்தக் கேசரியை அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வலது கையால் அள்ளிப் பார்ப்பார். பாதி கீழே போகும். என்னை உள்ளே விடமாட்டார்.

கல்யாணத்துக்குப் புறப்படுகிற அன்று அவராகவே புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். பையில் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பூனை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

தாராபுரம் மண்டபத்தில் முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையை எனக்கென்று காலியாக வைத்திருந்தார், நான் உட்காராமல் எதிரே தூணோரம் நின்றேன். மூன்று விரலும் குவிந்தன. சாம்பார் சோறு வாய்க்குப் போயிற்று. சில பருக்கை சிந்தின, யாரும் கவனிக்கவில்லை. பையிலிருந்து எடுத்த ஸ்பூனை நான் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரச வாளி வந்தது. ரசம் கையில் நிற்காதே என்று நான் தூரத்திலிருந்தே பரிமாறுகிறவருக்கு வேண்டாம் என்று தலையாட்டினேன். இவர் பார்த்துவிட்டார். என்னை ஒரு முறை முறைத்து, விரலால் சோற்றில் குழி பறித்து, "ஊத்துங்க" என்றார். பாதி ரசம் மணிக்கட்டு வழியாக ஓடியது. புறங்கையை நக்கிக்கொண்டு மறுபடி அள்ளினார்.

"ஏம்புள்ள, நிக்கறே? வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து எடுத்தேன். அவர் கையையே பார்த்துக்கொண்டு எடுத்ததில், முதல் கவளம் வாய்க்கு வராமல் பட்டுச் சேலையில் விழுந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எந்த நம்பர் ஊசி வாங்கோணும்?" என்றார்.