வட்டி கூடிப்போச்சாம்

அரசாங்கத்தின் பொதுமக்கள் தொலைபேசியில் வேலை செய்கிறவருக்குச் சொந்தக் கருத்து இருக்கக்கூடாது. இருந்தால் அதைக் காலையில் குளிர்ச் சட்டையோடு சேர்த்துக் கழற்றிக் கொளுவிவிட்டுத்தான் கதிரையில் இருக்க வேண்டும். காதில் ஹெட்செட் மாட்டிச் சம்பளம் வாங்குகிற ஆட்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வங்கியோ, கவுன்சிலோ, காஸ் கொம்பனியோ, எங்கே இருந்தாலும் உங்களுக்கும் எனக்கும் நடப்பது ஒன்றுதான். யாரோ செய்த காரியத்துக்கு நாங்கள் ஏச்சு வாங்குவோம், வாங்கிவிட்டு நன்றியும் சொல்லுவோம்.

நான் இருப்பது குரோய்டனில், ஒரு அமைச்சின் தொலைபேசிப் பிரிவில். ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் நீட்டுவார்கள், நீட்டும் வரைக்கும் நித்திரை வராது. அழைக்கிறவர் சொல்வதைக் கேட்டு, ஆதரவு, எதிர்ப்பு, வேறு என்ற மூன்று பெட்டிகளில் ஒன்றை அமத்தி, கீழே இரண்டு வரி எழுத வேண்டும். முடிவில், "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன், அது உரியவர்களைச் சென்றடையும்" என்று அட்டையைப் பார்த்து வாசிக்க வேண்டும். இந்தக் கதையில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் என்னோடு ஆங்கிலத்தில் பேசியவர்கள். அவர்கள் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

டிவியில் வந்த மனிதர்

ஒரு பெரிய கார்க் கொம்பனி விழப்போன நேரத்தில் அரசாங்கம் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. பெயர் வேண்டாம், விட்டுவிடுவோம். நிமிர்ந்து நின்ற பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதன் தலைவர் டிவியில் வந்தார். அரசாங்கம் எடுக்கிற வட்டி எங்களை நெரிக்கிறது, இப்படி நெரித்தால் புதுக் கார் எப்படிச் செய்வது என்று கேட்டார். நல்ல கோட்டு, நல்ல கழுத்துப்பட்டி. நான் மனோர் பார்க்கில் எங்கள் குசினியில் பாண் வாட்டிக்கொண்டு நின்றேன். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு டிவியை நிற்பாட்டினார். அவர் பதினெட்டு வருசமாக அதே கொம்பனியில் வேலை செய்கிறார். எசெக்ஸ் பக்கம் இருக்கிற தொழிற்சாலையில், பெயின்ட் அடிக்கும் பகுதியில்.

வைட்சப்பலில் ரயில் மாறி வெஸ்ட் குரோய்டனில் இறங்கி நான் அலுவலகம் போய்ச் சேரும்போது எல்லா லைனிலும் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக எங்களுக்கு வருகிற கோல்களில், அதாவது அழைப்புகளில், அரைவாசி தவறான இலக்கங்கள். அன்றைக்கு எல்லாரும் சரியான இலக்கத்துக்குத்தான் எடுத்தார்கள். என் முதல் கோல், இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். கோபமாகப் பேசவில்லை, பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காத நேரத்தில் எனக்கு ஒருவர் கடன் தந்திருந்தால், நான் வட்டியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை தோறும் கேக் சுட்டு அனுப்புவேன்."

படிவம்

பதினொரு மணிபோல எங்கள் மேற்பார்வையாளர் ஹெலன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசை மேசையாக வைத்தார். அந்தக் கொம்பனியில் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்குமோ வேலை, பங்கு, வியாபாரத் தொடர்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஓம் அல்லது இல்லை. கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

நான் பேனையைத் திறந்தேன், மூடினேன். ஓம் என்று எழுதினால் என்னை இந்த லைனில் இருந்து எடுப்பார்கள். இப்போது இங்கே வேறு லைனே ஓடவில்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அரசாங்கம் கோபத்தில் கடனைத் திருப்பிக் கேட்டு, அங்கே தொழிற்சாலையையும் மூடினால் வீட்டில் இரண்டு பேரும் வேலையில்லாமல் ஒன்றாக நிற்க வேண்டும். இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அடுத்த கோலை எடுத்தேன். பக்கத்து மேசையில் சுமதி இருக்கிறாள், மலேசியப் பிள்ளை, இங்கே படிக்க வந்து வேலையோடு தங்கிவிட்டவள். அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஹெலன் போகிற போக்கில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "சொந்தக்காரர் இருந்தால் அது குற்றமில்லை, சொல்லாமல் விட்டால்தான் எனக்குத் தலையிடி."

விண்ணப்பம் கேட்டவர்

எல்லாக் கோலும் ஏச்சு இல்லை. ஒருவர் மிகவும் மரியாதையாக, கடன் விண்ணப்பப் படிவம் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். என்ன கடன் என்று கேட்டேன். தனக்குத் தச்சு வேலை, வான் வண்டி பழுதாகி நிற்கிறது, வங்கி கேட்கிற வட்டி அந்தத் தலைவர் குறை சொன்ன வட்டியைப்போல இரண்டு மடங்குக்கு மேலே என்றார். பகிடி விடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, பின்னால் பேனை தட்டுகிற சத்தம் கேட்டது, எழுதத் தயாராக இருந்தார். மன்னிக்க வேண்டும், இது கடன் பிரிவு இல்லை என்றேன். அவர் விடவில்லை. "அவர்களுக்குப் பாரமாக இருக்கிறதென்றால் அதை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள், முகவரி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

தமிழோ?

வியாழக்கிழமை வந்த கோல்தான் என் நித்திரையைக் கெடுத்தது. ஆங்கிலத்தில் தொடங்கியவர் இரண்டு வசனத்தில் நிறுத்திவிட்டு, "தங்கச்சி, கதையிலை பார்த்தா எங்கட ஆள் போலை. தமிழோ?" என்று கேட்டார். லைனில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் காலையிலிருந்து ஏச்சுக் கேட்ட காதுக்குள் அந்தக் குரல் விழுந்ததும் என் வாய் தானாக "ஓம் அண்ணை" என்றது.

அவருக்குச் சவுத்தாலில் சின்னப் பேக்கரி. கொரோனா நேரம் கடை பூட்டிக் கிடந்தபோது அரசாங்கக் கடன் எடுத்தாராம். இரண்டு வேலையாட்களை நிற்பாட்டிவிட்டு, மனைவியும் தானுமாக விடிய மூன்று மணிக்கு எழும்பி மா குழைத்து, ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டி வருகிறாராம். "நாங்கள் டிவியிலை போய் அழேல்லைத் தானே. கொம்பனியை மூடட்டும், அப்பதான் உவைக்கு விளங்கும்," என்றார். பிறகு, "ஏன் தங்கச்சி பேசாமல் இருக்கிறியள்? உங்கட ஆக்கள் ஆரும் அங்கை வேலை செய்யினமோ?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இல்லை என்றேன். சொன்ன பிறகுதான், எங்கள் கோல் ஒவ்வொன்றும் பதிவாகிறது என்ற நினைவு வந்தது. அவருக்கு ஆறுதல். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டுதான் தங்கச்சி, வெளியிலை நிண்டு கட்டிற ஆக்கள்."

இவர் கேட்டது

அன்று பின்னேரம் வீட்டில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு என் கணவரிடம் சொன்னேன், சனம் சரியான கோபம் என்று. படிவத்தைப் பற்றியும் பேக்கரிக்காரரைப் பற்றியும் சொல்லவில்லை. இவர் வேலைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தொழிற்சாலையில் ஓவர்டைம் எல்லாவற்றையும் நிற்பாட்டியாயிற்றாம். காரணம் ஒருவரும் சொல்லவில்லையாம்.

"மூடட்டும் எண்டு சொல்லீனமோ?" என்று கேட்டார்.

"சில பேர்," என்றேன். பொய். கிட்டத்தட்ட எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், அன்றைக்கு நான் எதிர்ப்புப் பெட்டியைத் தவிர வேறொன்றையும் அமத்தவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருசம், என் பொய் அவருக்குத் தெரியும். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "அவையள் சொல்லுறது பிழையில்லையப்பா, அந்தாளிலை உள்ள கோவத்திலை எங்களையும் சேர்த்து மூடச் சொல்லீனம், அவ்வளவுதான்."

எந்தப் பெட்டி

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் எடுத்தாள். வடக்கே, அந்தக் கொம்பனியின் இன்னொரு தொழிற்சாலை இருக்கிற ஊர். பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம். அவளுடைய கணவரும் அங்கே கார் செய்கிற லைனில் நிற்கிறவர்தான், கதவு பொருத்துகிற பகுதி. தான் அந்தத் தலைவருக்காகப் பேசவில்லை, அவர் பேசியது தனக்கே வெட்கம் என்றாள். ஆனால் அமைச்சர் கோபத்தில் கடனைத் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது, அதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடுவார்களா?" என்று கேட்டாள்.

நான் மூன்று நாளாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் கணவரும் அந்தக் கொம்பனிதான், எனக்கும் தெரியாது, நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன் என்று சொல்ல நெஞ்சுக்குள் வந்தது. ஆனால் அட்டையில் இருந்ததை வாசித்தேன். உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன், அது உரியவர்களைச் சென்றடையும். பெட்டி மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'வேறு' என்பதை அமத்தினேன். அவள் ஏசவில்லை. வைக்கும் முன் சொன்னாள்: "நீங்கள் வாசிக்கிற மாதிரி எனக்கும் ஒரு அட்டை இருந்தால், பிள்ளைகள் கேட்கும்போது எடுத்து வாசித்துக் காட்டுவேன்."

சுமதியின் வேலை

திங்கட்கிழமை சுமதி தேத்தண்ணி அறைக்கு என் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். தரப் பரிசோதனைக்கு எடுத்த கோல்களில் ஒன்று வேறு மொழியில் இருக்கிறதாம். எங்கள் மாடியில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். கேட்டு, ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி ஹெலன் கொடுத்திருக்கிறார். அவள் கேட்டுவிட்டாள், பேக்கரிக்காரரோடு நான் பேசிய கோல். என் கணவர் எங்கே வேலை என்று அவளுக்குத் தெரியும். போன தைப்பூசத்துக்கு முருகன் கோயிலில் இவரை அவளுக்கு அறிமுகப்படுத்தியவளே நான்தான்.

அவளிடம் என்ன கேட்கலாம், அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுது என்றா? அவளுக்கும் விசா இந்த வேலையோடுதான் கட்டியிருக்கிறது. நான் வாய் திறக்க முன்னமே அவள் என் கையைப் பிடித்தாள். கை என்னுடையதைவிடக் குளிராக இருந்தது. "அக்கா, நான் கேட்டதைக் கேட்டபடிதான் எழுதணும். மத்தியானம்தான் கொடுக்கப் போறேன், அதுக்குள்ள நீங்களே ஹெலன்கிட்ட போயிடுங்க."

கண்ணாடி அறை

போனேன். லாச்சியில் இருந்த படிவத்தில் ஓம் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஹெலனின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே அழுதால் மாடி முழுவதும் பார்க்கும், அதனால் அழவில்லை. பேக்கரிக்காரரோடு தமிழில் கதைத்தது, அவரிடம் இல்லை என்று சொன்னது, படிவத்தை ஒளித்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். என் ஒப்பந்தம் முடியப்போகிறது, வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன்.

அவர் படிவத்தை வாங்கிக் கோப்புக்குள் வைத்தார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும் என்றார். இன்றிலிருந்து அந்த லைனைத் தொடக்கூடாது, ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். நான் எழும்பினேன். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் பயம் எனக்கு விளங்காது என்று நினைக்காதீர்கள், என்னுடைய ஒப்பந்தமும் அதே மாதம்தான் முடிகிறது."

பிறகு

அரசாங்கம் வட்டியைக் குறைக்கவில்லை. கடனைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. தலைவர் இன்னொரு தரம் டிவியில் வந்து, தான் சொன்னதை எல்லாரும் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றார். எசெக்ஸ் தொழிற்சாலை மூடவில்லை, ஆனால் வேலை கிழமைக்கு நாலு நாள் ஆயிற்று, சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். ஹெலனுக்கும் நீட்டினார்களாம், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இப்போது என்னை வீட்டுச் சூடாக்கி மானிய லைனில் போட்டிருக்கிறார்கள். இங்கும் ஏச்சுத்தான், ஆனால் நான் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு கிழவர் எடுத்து, தன்னுடைய பொயிலரைப் பற்றி இருபது நிமிசம் கதைத்தார். முடிவில் நான் அட்டையை எடுக்க, அவர் இடைமறித்தார். "வாசிக்க வேண்டாம் அம்மா, அது போய்ச் சேராதென்று எனக்குத் தெரியும், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்."

வெள்ளிக்கிழமைகளில் இவர் வீட்டில் நிற்கிறார். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அந்தத் தலைவரை ஏசத் தொடங்கிவிடுவார், அதைக் கேட்டு முடிக்கிற ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் எந்த அமைச்சும் எனக்குச் சம்பளம் தருவதில்லை.