தட்டு மெஷின் மயங்கிய கோடை

எழுபதுகளின் கடைசியில், திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள், ஓர் அறை நிறைய இரும்பு பீரோக்கள். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி, தடித்த கேபிளின் முனையில் தனியாக நிற்கும். இடுப்பு உயரம். மூடியைத் தூக்கினால் உள்ளே இட்லிக் கொப்பரையில் அடுக்கினது போல வட்டத் தட்டுகள். ஆலையின் சரக்கு, சம்பளம், ஆள் வரவு எல்லாம் அந்தத் தட்டுகளில்தான் பதிந்திருக்கும். இங்கிலீஷில் அதற்கு என்னவோ பெயர். எங்களுக்கு அது தட்டு மெஷின்.

அதைப் பார்த்துக்கொண்டவள் நான். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் சந்து வீடு, அப்பா ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டு டைம் ஆபீஸில் வருகை அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தை, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். புரியாததை வந்த மெக்கானிக்குகளிடம் கேட்டேன். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வங்காளம் வரை போகாவிட்டாலும் டைம் ஆபீஸிலிருந்து அந்த ஏ.சி. அறை வரைக்கும் அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மழைக்காலத்தில் வந்த மெஷின் பொங்கல் வரைக்கும் தங்கமாக ஓடியது. பங்குனி வெயில் ஏறியதும் வந்தது வினை. தட்டு மெஷினின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எரிந்தால் கேட்டதற்குப் பதில் சொல்லும். நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் மௌனம். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி போட்டால் எழுந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும்.

ஆலை முழுக்கச் செய்தி பரவியது. பேக்கிங் பிரிவில் ஓர் அக்கா இருந்தாள், எண்ணூர்ப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். பகல் சாப்பாட்டில் எனக்குக் கூட்டாளி. தினமும் ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாம்மே, உன் மெஷினு மறுபடி மயக்கம் போட்டுச்சா?"

"ஆமாக்கா."

"மாசமா கீதோ இன்னாவோ. நல்லா பாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

சிரிப்பெல்லாம் தலைமை ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்த நாளோடு நின்றது. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே அறையைச் சுற்றிவந்தார். "கடல் காத்து, உப்பு, போதாததுக்கு இந்தப் புகை. இந்த ஏரியா இந்த மாதிரி மெஷினுக்கு லாயக்கு இல்லை. சிட்டிக்கு எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் போனால் நானும் பழையபடி டைம் ஆபீஸ். அது ஒரு வருத்தம். ஆனால் தொண்டையில் முள்ளாக நின்றது அந்த 'லாயக்கு இல்லை'தான். நாங்கள் பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிற காற்று அது. அக்காவிடம் சொன்னபோது அவள் சோற்றில் வைத்த கையை எடுத்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். அவுரு மெஷினு ஓடலன்னா நம்ம காத்து இன்னா பண்ணும்? நீ வுடாத, தங்கச்சி."

விடவில்லை. மெஷின் செய்த கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்து தங்கினார். சின்ன வயசு, அலட்டிக்கொள்ளாத மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவர். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தட்டுகளை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கேபிளைக் கழற்றி, முனைகளை ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினோம். காற்று வடிகட்டியைப் புதிதாகப் போட்டோம். கடல் காற்று வராமல் ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாளைத் திணித்துப் பசை போட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றும் செய்து முடித்ததும் விளக்கு எரியும். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது எங்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அக்னி நட்சத்திரத்தின் நடுவில் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. எண்ணூர் நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. மறுநாள் காலை அறைச் சுவரில் ஓதம் பூத்திருந்தது, நான் ஒட்டிய காகிதமெல்லாம் ஊறித் தொங்கியது. இன்றைக்கு மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்றுதான் நினைத்தேன். போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. சாயங்காலம் வரைக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

"சார், உப்பும் ஈரமும்தான் காரணம்னா இன்னிக்கு இது செத்தே போயிருக்கணும். சிரிச்சிக்கினு கீதே!" என்றேன்.

இன்ஜினியர் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். "நேத்துக்கும் இன்னிக்கும் என்ன மாறிச்சு?"

"மழை பேஞ்சிது."

"ரூமுக்குள்ள பெய்யலையே. வெளியில எது நனைஞ்சுது?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "எர்த்! எர்த் குழி எங்க இருக்கு?"

விஷயம் இதுதான். மெஷினில் வழி தவறி அலைகிற மின்சாரத்தை இறக்கிவிட, ஒரு செம்புக் கம்பியை மண்ணுக்குள் குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் அது இறங்கும். காய்ந்துவிட்டால் இறங்க இடமில்லாமல் உள்ளேயே நின்று கலாட்டா செய்யும். பக்கத்து ஷெட்டில் கிரேன் கிளம்பும்போதெல்லாம் தட்டு மெஷின் அதிர்ந்துபோய்த் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்றார் அவர்.

கட்டட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அறையின் பின்சுவர்ப் பக்கம் போனோம். உடைந்த மரப்பெட்டிகள் குவிந்திருந்தன. இரண்டு பேரும் இழுத்துப் போட்டோம். அடியில் ஒரு சிமெண்டுப் பலகை, நடுவில் ஓட்டை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோனார்.

"சார், இது நாங்க ஏனம் கழுவின கல்லு!"

மெஷின் வருவதற்கு முன்னால் யாரோ காண்டிராக்டர் ஆட்கள் வந்து தோண்டி, இந்தப் பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். எதற்கென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சுவரோரம்தான் குழாய் இருந்தது. அதுவரை சேற்றில் குந்தி டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கம்பெனி போட்டுக் கொடுத்த கல்லாகத் தெரிந்தது. "தண்ணி தேங்காம நடுவுல ஓட்டை வேற வுட்டுகீறாங்க பாரு. இன்னா மூளை!" என்று அக்கா வியந்தாள். அதோடு விடாமல், அந்தப் பக்கம் வந்த ஒர்க்ஸ் மேனேஜருக்கு ஒரு கும்பிடும் போட்டாள். எதற்கு என்று தெரியாமலே அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் சாம்பல், உப்பு, நெத்திலிக் குழம்பு கழுவின தண்ணீர் எல்லாம் அந்த ஓட்டைக்குள்தான் போனது. நானும் அங்கேதான் கழுவினேன். பொங்கல் கழிந்து, மெஷினைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், இடம் கலீஜாக இருக்கிறது என்று குழாயைப் பிடுங்கி கேண்டீனுக்கு அந்தப் பக்கம் தொட்டி கட்டிவிட்டார்கள். அதோடு ஓட்டைக்குள் தண்ணீர் போவது நின்றது.

இன்ஜினியரும் சிரித்தார். ஆனாலும் அவசரப்படவில்லை. மழை ஈரம் காயட்டும், அப்போது பார்ப்போம் என்றார். காய்ந்தது. மெஷின் சொல்லிவைத்தாற்போல மயங்கியது. மீட்டரைக் கொண்டுவந்து குழியை அளந்தார், முள்ளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பேக்கிங் பிரிவுக்கு ஓடினேன். அக்கா தலைமையில் பெண்கள் குடமும் வாளியுமாக வந்தார்கள். உப்பு சேர்ந்தால் மின்சாரம் இன்னும் சுலபமாக இறங்கும் என்று இன்ஜினியர் சொல்ல, கேண்டீனிலிருந்து கல்லுப்பு வந்தது. கரைத்து ஊற்ற ஊற்ற மண் உறிஞ்சிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. மெஷினுக்கும் அதே கதைதானா!" என்றாள் அக்கா, இடுப்பில் குடத்தோடு.

மெஷினை மறுபடி போட்டுவிட்டு, கிரேன்காரரிடம் போய், நிறுத்தி நிறுத்திக் கிளப்பச் சொன்னோம். மேலேயிருந்து அவர் கத்தினார். "இன்னாம்மே, ஊஞ்சல் ஆடவா கிரேன் வுட்டுகீறாங்க?" திட்டிக்கொண்டே கிளப்பினார். பச்சை விளக்கு இமைக்கவில்லை.

அதிகாரி சொன்னபடியே வந்தார், லாரியையும் கூட்டிக்கொண்டு. இன்ஜினியர் மீட்டர் கணக்கை எடுத்துச் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்போ காத்து காரணம் இல்லைங்கிற?" என்றார்.

"காத்து மேல தப்பே இல்ல சார். இங்க உப்பு ஜாஸ்தியாகல, பத்தாம போச்சு."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். கிரேன் ஓடியது, ஷிப்ட் மாறியது, விளக்கு எரிந்தது. நியாயமான மனிதர்தான், எழுந்ததும் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பின்சுவருக்கு வந்தார். "பழையபடி குழாயை இங்கியே போட்டுடலாம். நீங்களும் இங்கியே கழுவுங்க" என்றார்.

அக்கா விடுவாளா? "கழுவுறோம் சார். ஆனா வெயிலு மண்டைய பொளக்குது, மேல ஒரு தகரம் வேணும். குந்தறதுக்கு இன்னும் ரெண்டு கல்லு போடணும். போட்டா உன் மெஷினுக்கு மயக்கம் வராம நாங்க பாத்துக்கறோம்."

அவர் ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்தார். இந்த முறை மேனேஜர் விஷயம் தெரிந்தே தலையை ஆட்டினார்.

வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. தூக்க வந்தவர்கள் கயிறும் கையுமாக நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நானே போனேன்.

"இன்னாக்கா, சரக்கு எங்க?" என்றான் ஒருவன்.

"சரக்கு வராது. அது திருவொத்தியூர்லதான் இருக்கும். போய்ச் சொல்லிடு."

"அப்ப இவ்ளோ தூரம் வந்ததுக்கு டீயாவது வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன், பன்னும் சேர்த்து.